பூட்டனின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

எங்கள் மலையகத்து ஆட்களில் யாரிடமாவது "உங்க பூட்டன் எந்த ஊரு?" என்று கேட்டுப் பாருங்கள். துறையூர்ப் பக்கம், முசிறிப் பக்கம், நாமக்கல், புதுக்கோட்டை என்று பதில் உடனே வரும். சிலர் குலதெய்வத்தின் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். "அதுக்குக் கடதாசி ஏதும் இருக்கா?" என்று அடுத்ததாகக் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இந்த இரண்டாவது கேள்வியைத்தான் எழுபத்தைந்து வருடங்களுக்கு மேலாக எங்களிடம் கேட்டு வருகிறார்கள். 1948இல் கொழும்பு கேட்டது. 1964க்குப் பிறகு கொழும்பும் டெல்லியும் சேர்ந்து கேட்டன. இப்போது என் அக்கா மகள் கேட்கிறாள். கண்டியில் தாதியாக வேலை பார்ப்பவள். இந்தியாவின் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறாள். "மாமா, பூட்டன் இந்தியாவுல பொறந்தவருன்னு காட்டணுமாம். என்ன இருக்கு நம்மகிட்ட?" என்றாள். அவளுக்குப் பூட்டன், எனக்குத் தாத்தா. அவருடைய பெயர் எழுதப்பட்ட எல்லாவற்றையும் தேடத் தொடங்கினேன். தேடத் தேட, இது எங்கள் ஒரு வீட்டுக் கதை அல்ல என்பது தெளிவாகிக்கொண்டே வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இதே தேடலில் இருக்கும் யாருக்காவது உதவட்டும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓ.சி.ஐ. என்பது பிரஜாவுரிமை இல்லை. வாழ்நாள் முழுக்க இந்தியாவுக்குப் போய்வரலாம், தங்கலாம், படிக்கலாம். வாக்கு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. இந்தியப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி, 1950 ஜனவரி 26 அன்று இந்தியப் பிரஜையாகும் தகுதி இருந்த ஒருவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, பூட்டப்பிள்ளை வரை இதற்கு விண்ணப்பிக்கலாம். அக்கா மகள் சரியாக அந்தக் கடைசிப் படியில் நிற்கிறாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, அக்காவுடையது இருக்கிறது. அதற்கு மேலே அப்பா, அதற்கும் மேலே தாத்தா. இந்த இரண்டு படிகளில்தான் வேலை அவ்வளவும்.

எங்கள் தோட்டம் தெல்தோட்டைப் பக்கம். ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர இருக்கும் அதே மலைத்தொடர். தேயிலைக்கு முன்னால் கோப்பி. 1823ஐ ஒட்டிக் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்கபிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கியதை வைத்துத்தான் 2023இல் 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்தோம். அந்த வருடம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எங்கள் ஆட்கள் நடந்தார்கள். கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் காட்டு வழியே நடந்த பாதை அது. வழியில் செத்தவர்களின் பெயரை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை.

என் தாத்தா அப்படி நடந்து வந்தவர் இல்லை. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு, ஆள் சேர்த்துவந்த கங்காணி ஒருவரோடு மண்டபம் முகாம் வழியாகச் சின்னப் பையனாக வந்தவர். வருகிறவர்களை அந்த முகாமில் வைத்து, நோய் நொடி இல்லை என்று பார்த்துத்தான் இந்தப் பக்கம் அனுப்புவார்கள். அதற்கு முந்திய தலைமுறையின் கழுத்தில் தகரத் துண்டு தொங்கியது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் வரிசை எண்ணும் அடித்த சின்ன உலோக வில்லை அது. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள், எந்தத் தோட்டத்துக் கணக்கில் அவனுடைய வழிச்செலவை எழுத வேண்டும் என்று பார்க்க அந்த எண் போதும். பெயர் தேவைப்படவில்லை. இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஒரு மனிதனைப் பற்றி அன்றைக்கு அரசு வைத்திருந்த முழுப் பதிவும் அவ்வளவுதான். அவனுடைய பேரனிடம், "உன் பாட்டன் எங்கே பிறந்தான், காட்டு" என்று அதே நாட்டின் சட்டம் பிற்பாடு கேட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வருடம் நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் இரண்டே வழிகள். ஒன்று, தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பதைச் சட்டம் கணக்கிலேயே எடுக்கவில்லை. கேட்பதற்குச் சின்ன நிபந்தனை போலத் தெரியும். ஆனால் 1948இல் நாற்பது வயதான ஒரு தோட்டத் தொழிலாளியின் தகப்பன் 1880களில் பிறந்தவர். லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளை. அந்தப் பிறப்பைப் பதிந்தார்களா? பதிந்தாலும் என்ன பெயரில்? பதிந்த துண்டு யார் கையில்?

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம்முடைய வழக்கம். தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால், கையில் காசும் ஆளும் இருந்தவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். எங்கள் குடும்பத்திலேயே என் பெரியப்பா பிறந்தது முசிறிப் பக்கத்தில். பாட்டி அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பி, அடுத்த மாதமே கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். பெரியப்பா அதற்குப் பிறகு வாழ்ந்ததெல்லாம் இங்கேதான். சட்டத்தின் கண்ணில் அவர் வெளியே பிறந்தவர். அப்பா தோட்டத்திலேயே பிறந்தும், தாத்தா இங்கே பிறக்காததால் அவரும் வம்சாவளிப் பிரஜை இல்லை. ஒரே காம்பராவில் வளர்ந்த அண்ணன் தம்பி இருவரும் அந்த நவம்பரில் நாடற்றவர்களானார்கள். ஏறத்தாழ 7 லட்சம் பேரின் நிலை அதுதான். 1947 தேர்தலில் எங்கள் வாக்கு இருந்தது. இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள், நாவலப்பிட்டிக்கு கே. இராஜலிங்கம் உட்பட. 1952 தேர்தல் வந்தபோது அந்த வாக்காளர்களின் பெயர்கள் இடாப்பில் இல்லை.

1949இல் இன்னொரு கதவு திறந்தது, இந்திய பாகிஸ்தானியர் வதிவிடப் பிரஜாவுரிமைச் சட்டம். மணமானவர்கள் 1946 ஜனவரி 1க்கு முந்திய 7 ஆண்டுகள், மணமாகாதவர்கள் 10 ஆண்டுகள் இலங்கையில் இடைவிடாமல் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. குடும்பத்தவரையும் சேர்த்தால் சுமார் 8 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. சாவு வீட்டுக்கோ நேர்த்திக்கடனுக்கோ ஊருக்குப் போய், காய்ச்சலிலோ கடனிலோ மாட்டிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் தங்கியவருக்கு அந்த 'இடைவிடாமல்' போய்விட்டது. தாத்தாவின் விண்ணப்பமும் தள்ளுபடியானது. காரணம் எழுதிய கடிதம் எங்களிடம் இல்லை. விசாரணைக்குக் கண்டிக்குக் கூப்பிட்டு, "நீ இங்க இருந்ததுக்குச் சாட்சி எங்க?" என்று கேட்டதாக அப்பா சொல்வார்.

அந்தச் சாட்சி எங்கே இருந்தது என்பதை இந்தத் தேடலில் என் கண்ணால் பார்த்தேன்.

ஒரு தோட்ட ஆபிஸில் செக்ரோல் என்ற பழைய வேலைக் கணக்குப் புத்தகங்கள் கொஞ்சம் மிஞ்சியிருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கே உள்ள கிளாக்கர் ஒருவரின் தயவில் போய்ப் பார்த்தேன். தேயிலைத் தூள் மூட்டைகளுக்கும் உரச் சாக்குகளுக்கும் இடையே பலகை அடுக்கில் கிடந்தன. ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். அட்டையின் மூலைகள் கறையான் தின்று போயிருந்தன. உள்ளே மை மட்டும் கறுப்பு மாறாமல் அப்படியே இருந்தது. ஒரு மாதத்துக்கு ஒரு கணக்கு. மேலே கங்காணியின் பெயர், கீழே அவருடைய பிரட்டில் நிற்கும் ஆட்கள் வரிசையாக. பெயருக்கு முன்னால் எண். பெயருக்குப் பின்னால் 31 கட்டங்கள். வேலை செய்த நாளுக்கு ஒரு கோடு, அரைப்பேர் போட்ட நாளுக்குப் பாதி. வலது ஓரத்தில் அரிசி, முன்பணம், கம்பளிக்குப் பிடித்தது, மிச்சம்.

1930களின் கடைசியில் ஒரு பக்கத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது. இரண்டு வரி தள்ளிப் பாட்டியின் பெயர். மாதத்தின் நடுவே பாட்டிக்குத் தொடர்ச்சியாகக் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. அப்பாவுக்கு மூத்த அத்தை ஒருத்தி பிறந்து சில நாளில் இறந்துபோனதாக வீட்டில் சொல்வார்கள். அந்தக் காலம் இதுவாக இருக்கலாம். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மாதா மாதம் தாத்தா இருக்கிறார். மழை மாதத்தில் கோடுகள் குறைகின்றன. அரிசிக் கணக்கு ஒரு மாதமும் தவறவில்லை. 'இடைவிடாமல் வாழ்ந்தான்' என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி உலகத்தில் எங்கே கிடைக்கும்? அவர் வேலை செய்த ஒவ்வொரு நாளும் அங்கே கோடாக இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் தோட்டத்தின் சொத்து. துரை எழுதித் தந்தால்தான் சாட்சி. எழுதித் தராவிட்டால், தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு வெறுங்கையோடு போன மனிதரிடம் அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

ஆகவே தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எங்களுக்கென்று எழுதப்பட்ட பத்திரத்தை மட்டும் தேடாதீர்கள். சம்பளம் போடவும், கடன் பிடிக்கவும், அம்மை குத்தவும், பள்ளிக்கூடத்தில் ஆள் கணக்குக் காட்டவும் மற்றவர்கள் தங்கள் தேவைக்காக எழுதிய புத்தகங்களில்தான் நம்முடைய முன்னோர்கள் இருக்கிறார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்பில் பிள்ளையின் பெயரோடு தகப்பன் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கும். 1958க்குப் பிறகு வேலை செய்தவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு உண்டு. தொழிற்சங்கச் சந்தாத் துண்டுகள், தோட்டம் மாறும்போது கொடுத்த பற்றுச்சீட்டு, கூப்பன் புத்தகம், கோயில் திருவிழாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்த நோட்டு, எல்லாமே பயன்படும். வேதக்காரக் குடும்பமாக இருந்தால் கொடுத்து வைத்தவர்கள். தோட்டத் தமிழர்களுக்கென்று 1854இல் தொடங்கிய தமிழ் கூலி மிஷன் கண்டிப் பக்கத்தில்தான் வேலையை ஆரம்பித்தது. ஞானஸ்நானப் பதிவேடுகளில் பெற்றோர் பெயர், தோட்டம், தேதி மூன்றும் ஒரே வரியில் கிடைக்கும். கத்தோலிக்கப் பங்குகளிலும் அப்படியே.

கண்டிக் கச்சேரியில் அப்பாவின் பிறப்புப் பதிவைத் தேடியது தனிக் கதை. பதிவு இலக்கமும் தேதியும் தெரிந்தால் வேலை எளிது. தெரியாவிட்டால் தேடச் சொல்லித் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குள். எங்கள் மூத்தவர்களின் பிறந்த வருடம் யாருக்குச் சரியாகத் தெரியும்? "பெரிய மண்சரிவு வந்த வருசம்", "பழைய துரை போய்ப் புதுத் துரை வந்த வருசம்" என்றுதான் அத்தை சொல்வாள். இங்கே ஒரு வழி கைகொடுத்தது. பெர்குசன் டைரக்டரி என்ற பழைய ஆண்டுப் புத்தகத்தில் தோட்டங்களின் பெயர், பரப்பளவு, அந்த வருடத்துத் துரையின் பெயர் எல்லாம் இருக்கும். எந்தத் துரை எந்த வருடம் வந்தார் என்று பிடித்துவிட்டால் அத்தையின் நினைவு தேதியாகிவிடுகிறது. இன்னொரு சிக்கலுக்கும் அதே புத்தகம் உதவியது. எங்கள் ஆட்கள் தோட்டத்தைக் கூப்பிடும் பெயர் ஒன்று, ஆபிஸில் எழுதிய பெயர் வேறொன்று. ராசாத்தோட்டம், கல்லுத்தோட்டம் என்று கச்சேரியில் போய்க் கேட்டால் எந்த இடாப்பிலும் கிடைக்காது.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதியவர் ஆங்கிலத்தில் எழுதினார், பிறகு சிங்களத்தில் எழுதினார்கள், அதிலிருந்து மறுபடி தமிழுக்கு வந்தது. முத்துசாமி ஓரிடத்தில் முத்தையா, இன்னோரிடத்தில் வெறும் முத்து. ஒரே பிரட்டில் மூன்று முத்துசாமி இருந்தால் ஒருவருக்குக் கங்காணி புதுப் பெயரே வைத்துவிடுவார். எனவே பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். மனைவியின் பெயர், கங்காணியின் பெயர், தோட்டம் மூன்றையும் கூடவே பிடித்துக்கொண்டு தேடுங்கள். இப்படித்தான் அப்பாவின் பதிவு கிடைத்தது. தாத்தாவின் பெயரில் கடைசி எழுத்துகள் மாறியிருந்தன. பாட்டியின் பெயரும் தோட்டமும் சரியாக இருந்தன. அந்த வித்தியாசத்துக்குச் சத்தியக் கடதாசி முடித்து வைத்திருக்கிறோம்.

தாத்தா இந்தியாவில் பிறந்ததற்கு எங்களுக்குக் கிடைத்த நல்ல சாட்சி, ஒரு வேதனையிலிருந்து வந்தது.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக விட்டார்கள். 1974இல் அந்த மிச்சத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். நாங்கள் யாரும் அந்த மேசையில் இல்லை. இலங்கைக்கு ஒதுக்கிய எண்ணிக்கையைவிட மிக அதிகமானோர் இங்கேயே இருக்க விண்ணப்பித்தார்கள். இடம் கிடைக்காது என்று பயந்தவர்களும், 1970களின் பஞ்சத்தில் பிள்ளைகளைப் பட்டினியில் பார்த்தவர்களும் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. அப்பா இலங்கைக்கு, தாத்தாவும் பெரியப்பாவும் இந்தியாவுக்கு. கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கியூவில் நின்று பாஸ்போர்ட் வாங்கினார்கள். பெரியப்பா குடும்பத்தோடு கோச்சி ஏறினார். அழுகையோடு ஆட்களை ஏற்றிப்போன அந்த ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்று இன்றைக்கும் சொல்கிறோம். தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்துவிட்டதால் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு 'இராமானுஜம்' கப்பல். அங்கிருந்து மண்டபம் முகாம், குடும்ப அட்டை, பிறகு கோத்தகிரியில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டம். மறுபடி கொழுந்துதான்.

தாத்தா போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இருந்து, தோட்டத்திலேயே கண்ணை மூடினார். பயன்படுத்தாத அந்த இந்தியப் பாஸ்போர்ட் அக்கா வீட்டுத் தகரப்பெட்டியில், பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக இருந்தது. படத்தில் தலைப்பாகை இல்லாத தாத்தா. யாரோ கொடுத்த கோட்டு. பிறந்த இடம் என்ற வரியில் முசிறிப் பக்கத்து ஊர் ஒன்று எழுதியிருக்கிறது. கீழே பெருவிரல் ரேகை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். காலாவதியானது, செல்லாதது என்று எறிந்துவிடாதீர்கள். 1984இல் கப்பல் நின்றபோது பாஸ்போர்ட் கையில் இருந்தும் போகாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். போனவர்களின் குடும்ப அட்டையும் முக்கியமானது. நீலகிரியில், புனலூரில், கர்நாடகத்தின் சுள்ளியாவில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் பிரதி கேளுங்கள். அதில் தகப்பன் பெயரும் வந்த தோட்டத்தின் பெயரும் இருந்தால் இரண்டு கரையையும் அந்த ஒரு அட்டை இணைத்துவிடும்.

இப்படி முன்னோர் பத்திரத்தைத் தேடுகிறவர்கள் உலகத்தில் நாம் மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் ஆர்ஜென்டீனாவிலும் இருக்கும் போலந்து வம்சாவளியினர் இன்றைக்கும் பாட்டன், பூட்டனின் பத்திரங்களை வைத்து அந்நாட்டுப் பிரஜாவுரிமையை உறுதிப்படுத்துகிறார்கள். 1920 ஜனவரியில் இயற்றிய சட்டத்தின்படி அந்த மூதாதை போலந்துப் பிரஜையானார் என்றும், அடுத்த தலைமுறை பிறக்கும் முன் அதை இழக்கவில்லை என்றும் காட்ட வேண்டும். அங்கேயும் மணவாழ்க்கையில் பிறந்த பிள்ளைக்கு 1951 வரை தகப்பன் வழிதான். அன்றைய போலந்தில் இருந்த பல ஊர்கள் இன்று உக்ரைனிலும் பெலாரஸிலும் லிதுவேனியாவிலும் கிடக்கின்றன. ஆக, அவர்களுக்கும் எல்லை தாண்டிய தேடல்தான். அவர்கள் தேடுவது கூடுதலாக ஒன்றைப் பெறுவதற்கு. கிடைக்காவிட்டால் இருக்கிற நாடு இருக்கும். 1948இல் எங்களிடம் கேட்ட பத்திரம் கிடைக்காதபோது, பிறந்து வளர்ந்து பிணமாகப் போகிற நாடே கையைவிட்டுப் போனது. இந்த வித்தியாசத்தை எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

வேறு மாதிரியும் சட்டம் எழுத முடியும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர், அவர்களின் சந்ததியினர், எல்லோரும் பிரஜைகள். எந்தப் பிரஜாவுரிமையும் இல்லாதவர் ஒரு பொதுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டு, சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்கினால் போதும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்கு விசேட பிரகடனம் என்று வேறொரு படிவம். ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயமும் தொழிற்சங்கங்களும் தோட்டம் தோட்டமாக முகாம் போட்டன. பத்து நாட்களில் ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. பூட்டனைக் கேட்கவில்லை, பாட்டனைக் கேட்கவில்லை. 55 வருடங்கள் ஆகியிருக்க வேண்டியதே இல்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தாத்தாவை நோய் சோதித்து அனுப்பிய இடம் அது. பெரியப்பாவுக்குக் குடும்ப அட்டை கொடுத்த இடமும் அது. 1983க்குப் பிறகு இங்கிருந்து உயிர் தப்பிப் போனவர்களை அகதிகளாக வைத்த இடமும் அதுதான். அப்படிப் போனவர்களில் எங்கள் மலையகத்து ஆட்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் தமிழ்நாட்டு முகாமில் நாடற்றவர்களாக இருப்பதை எந்த மனசாட்சி ஏற்கும்? திருச்சி கொட்டப்பட்டு முகாமில் உள்ளவர்கள் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களின் பிரஜாவுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் பிறப்புச் சான்றிதழே வழி திறந்தது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியப் பிரஜை என்பது அங்குள்ள சட்டம். 2022இல் நீதிமன்றம் அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 தேர்தலில் வாக்களித்தார். முகாமில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் எடுத்துவைத்த அந்தப் பெற்றோரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இருந்த பத்திரங்கள் அழிந்த விதம் இன்னொரு துயரம். 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கைமாறின. கண்டிப் பக்கத்தில் பல தோட்டங்கள் துண்டு துண்டாகப் பிரிந்து, ஆபிஸே இல்லாமல் போனது. 1977, 1981, 1983 வன்செயல்களில் லயங்கள் எரிந்தபோது தகரப்பெட்டிகளும் எரிந்தன. 1992இல் கம்பெனிகளுக்குப் போனபோது பழைய புத்தகங்களை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நான் பார்த்த அந்த அடுக்கில்கூட நடுவே பல வருடங்கள் காணாமல் போயிருந்தன. கேட்டதற்கு, இடம் போதாமல் அடுப்புக்குப் போட்டதாகச் சொன்னார்கள்.

கம்பளைக்குப் பக்கத்தில் சமூக அபிவிருத்தி நிறுவனம் பழைய லயத்திலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றை வைத்திருக்கிறது. ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கேயும் போய் மனிதர்களின் சாமான்களைப் பாருங்கள். பழைய பற்றுச்சீட்டு, பாஸ்போர்ட், கடிதம் எது உங்களிடம் இருந்தாலும் முதலில் போனில் படம் எடுத்து, குடும்பத்தில் மூன்று பேருக்காவது அனுப்பிவையுங்கள். தோட்ட ஆபிஸில் வேலை செய்யும் தம்பி தங்கச்சிமார் இதைப் படித்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்டோரில் செக்ரோல் கிடந்தால், துரையிடம் அனுமதி வாங்கி, ஒரு லீவு நாளில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். கங்காணி பெயரும் மாதமும் வருடமும் உள்ள மேல் வரி படத்தில் தெளிவாக விழ வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் கீழே இருக்கும் பெயர்களை எந்த அலுவலகத்திலும் காட்ட முடியாது.